சாம்பலாப் போன கொழுப்பு

அந்தக் காலத்தில் அடுப்பு, சட்டி, மரம், செடி எல்லாமே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. சாம்பல் மட்டும் வாயைத் திறக்காது. யாரும் அதை மதித்ததில்லை. திட்டும்போதுதான் அதன் பெயரையே எடுப்பார்கள்.

சீனியம்மாளின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் அங்கணத்துத் தண்ணீர் போய்ச் சேரும் கொல்லையில் அவள் வைத்த வாழை குலை தள்ளி நின்றது. அதைத்தான் பந்தல் வாசலில் கட்டப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வாழைக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறிவிருந்து நடந்தது. சட்டியில் மிஞ்சிய கொழுப்பை அங்கணத்தில் ஊற்றினாள். அது நகராமல் தேங்கி நின்றது. ஒரு பானை வெந்நீரைக் கொட்டினாள். சரசரவென்று ஓடிப்போனது. விட்டது தொல்லை என்று இருந்துவிட்டாள். அடுத்தடுத்து வந்த விருந்துகளுக்கும் அதே கதைதான்.

வெந்நீர் எவ்வளவு தூரம் சூடாக இருக்கும்? வாழையடிக்குப் போனதும் ஆறிவிட்டது. கொழுப்பு அங்கேயே உறைந்தது. சில நாளில் வாழை மஞ்சளடித்துத் துவண்டது.

"உனக்கு என்னடி வந்துச்சு?" என்று பதறினாள் சீனியம்மாள்.

"எல்லாம் உங்க வீட்டுக் கொழுப்புதாம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "யாருக்குடி கொழுப்பு? உன்னைத் தண்ணி ஊத்தி வளத்த எனக்கா?"

"திமிரச் சொல்லலம்மா, சட்டிக் கொழுப்பச் சொல்லுதேன். காலடியில கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கு. நீ ஊத்துற தண்ணி மேலோட ஓடிப்போயிருது, ஒரு சொட்டு உள்ள எறங்கல. இப்படித் தொங்குன தலையோட பந்தல்ல எப்படி நிப்பேன்?"

சீனியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வாழையடியில் வெள்ளை ஏடாக உறைந்திருந்த கொழுப்பை மண்வெட்டியால் முழுக்கச் சுரண்டி எடுத்தாள். உள்ளே வந்தால் அன்றைய கறிச்சட்டி கொழுப்போடு காத்துக் கிடந்தது. இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"இந்தக் கொழுப்பு சாம்பலாப் போக!" என்று ஆத்திரத்தில் கத்தினாள்.

அடுப்புக்குள் யாரோ கனைத்தார்கள். "என்னையா கூப்பிட்ட ஆத்தா?"

சாம்பல்தான். "எத்தனையோ பேரு என் பேரச் சொல்லித் திட்டியிருக்காக. நீ திட்டுனதுலதான் எனக்கு ஒரு வேலை இருக்கு. என்னை அள்ளி அந்தச் சட்டியில போடு."

வேறு வழி தெரியாமல் அள்ளிப் போட்டாள். இத்தனை காலத் தாகமும் தீரும்படி சாம்பல் கொழுப்பை உறிஞ்சிக் கட்டியானது. தேங்காய் நாரால் வழித்துக் குப்பைக்குழியில் போட்டாள். அப்புறம்தான் சட்டியைக் கழுவினாள். அங்கணத்தில் வெறும் தண்ணீர் இறங்கிப் போனது. கொல்லையில் வாழை மடக்கு மடக்கென்று குடித்தது.

கல்யாணத்தன்று வாழை குலையும் பூவுமாகப் பந்தல் வாசலில் நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளையைப் பெற்றவள் அதன் குலையைத் தொட்டுப் பார்த்து, "எந்தத் தோட்டத்து வாழை மயினி?" என்று கேட்டாள்.

"எங்க அங்கணத்து வாழைதான்," என்றாள் சீனியம்மாள். சொல்லும்போதே அவளுக்கு மார்பு விம்மியது. நேரே சமையலறைக்குப் போனாள். ஒரு சிரட்டை நிறையச் சாம்பலை அள்ளி அங்கணத்தின் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு இட்டாள்.

அன்று முதல்தான் கொழுப்பேறிய சட்டி தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் சாம்பலைப் பார்க்கிறது. "சாம்பலாப் போ" என்று யாராவது திட்டினால், வேலை வந்துவிட்டது என்று சாம்பலும் சந்தோஷமாக எழுந்து உட்காருகிறது.