வாட்ச்மேன் ஸ்டூல்

"அந்தச் சட்டத்தை எடுத்துடட்டுங்களா, சாமியம்மா?"

டாக்டர் தில்லைநாயகி வந்ததும் வராததுமாகக் கேட்டார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

சாமியம்மா மடத்து அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் டாக்டருக்கு அவர்தான் குரு. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராகப் போகும் முன்னால் இவரிடம் வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

"எந்தச் சட்டம்?"

"பச்சைக்குழந்தை வார்டுக்குள்ள பெத்தவளைத் தவிர யாரும் போகக் கூடாது. அப்பன்கூட வாசலோட சரி. பிறந்த குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு சேனை வைக்கிறதும் கூடாது."

"எதுக்குப் போட்டீங்க?"

"காய்ச்சல் கண்டு கண்டு குழந்தைங்க போச்சுங்க. வர்றவங்க எல்லாரும் விரலை வச்சா அந்த நாக்கு தாங்குமா? சட்டம் போட்டப்புறம் நின்னுபோச்சு. கண்ணால பார்த்தேன்."

"அப்ப எதுக்கு எடுக்கணும்?"

டாக்டர் ஒரு கீரைத்தண்டை எடுத்து ஒடித்தார். மறுபடியும் ஒடித்தார்.

"போன மாசம் ஒரு பொம்பளைப் பிள்ளை. மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. தாய்க்கு ஆபரேஷன், நினைவில்லை. அப்பன் சங்குல சர்க்கரைத் தண்ணி எடுத்துட்டு கேட்ல நின்னார். விடலை. மறுநாள், தண்ணி வேண்டாங்க, பார்த்துட்டு மட்டும் போறேன்னார். விடலை. அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளை போயிருச்சு."

சாமியம்மாவின் கை நின்றது.

"தாய்?"

"அவ கண்ணு முழிச்சப்போ பிள்ளையை அடக்கம் பண்ணியாச்சு."

அடுப்பில் உலை கொதித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"நர்ஸுங்க என் மூஞ்சியைப் பார்க்கிறதில்லை சாமியம்மா. ரெண்டு பேர் வேலையே வேண்டாம்னு போயிட்டாங்க. நாளைக்குக் கமிட்டி கூடுது. நான் எடுன்னா எடுத்துடுவாங்க. எடுத்தா மறுபடியும் காய்ச்சல். வச்சா இந்த மாதிரி. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த அப்பன்?"

"தினமும் வர்றார். கேட்டுக்கு வெளியில நிக்கிறார்."

"எதுக்கு?"

"எதுக்குங்க வருவார்? சண்டைக்குத்தான்."

"கேட்டீங்களா?"

"கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டேன்."

சாமியம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அவரை உள்ள விடமாட்டேன்னு சொன்னது யாரு?"

"வாட்ச்மேன் தாவீது."

"பிள்ளை போயிருச்சுன்னு சொன்னது?"

டாக்டர் குனிந்துகொண்டார்.

"தாவீதுதான்."

"ஓஹோ. அப்ப சட்டம் அவர் போட்டதுதான் போல. நான்தான் நீங்கன்னு நினைச்சுட்டேன்."

சாமியம்மா எழுந்து கை கழுவினார். "கார் நிக்குதுல்ல? வாங்க."

ஆஸ்பத்திரி கேட்டில் காரைப் பார்த்ததும் தாவீது ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார்.

"தாவீது, போய் டீ குடிச்சுட்டு மெதுவா வாங்க," என்றார் சாமியம்மா.

"டியூட்டி இருக்குதுங்களே."

"அதை இவங்க பார்த்துக்குவாங்க."

தாவீது பெரிய டாக்டரைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"நான் இங்க உக்காந்து என்ன சொல்லணும்?" என்றார் டாக்டர்.

"தாவீது என்ன சொல்வார்?"

"உள்ள விடமாட்டேன்னு."

"அதையே சொல்லுங்க."

சாமியம்மா பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் மூடி போட்ட டம்ளரோடு வந்தாள்.

"அட, பொம்பளை வாட்ச்மேன் போட்டிருக்காங்களா? நல்லதாப் போச்சு. அந்த ஆளுக்கு ஒன்னும் புரியறதில்லை. என் தம்பி பிள்ளை கண்ணு. ஒரே ஒரு சொட்டு. நாக்குல தொட்டுட்டு வந்தர்றேன்."

"முடியாதுங்க."

"நான் அத்தைக்காரி. நான்தான் வைக்கணும்."

"குழந்தைக்கு ஆகாதுங்க. விடமுடியாதுங்க."

"எனக்குன்னு பிள்ளை இல்லை. இந்த ஒன்னுதான். இதுகூடக் கூடாதா? நெஞ்சுல கல்லா வச்சிருக்கறே?"

டாக்டர் வழி விடவில்லை. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள். டாக்டர் அவள் அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள் அவள், கடைசியில்.

"நாளைக்கும் இதேதாங்க சொல்வேன்."

அவள் போனாள்.

அதற்கப்புறம் அவர் வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த செங்கோடன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"தாவீதண்ணன் இல்லீங்களா?"

"நான்தான் இருக்கேன்," என்றார் டாக்டர். "திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. சட்டம் நான் போட்டது."

செங்கோடன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரிய டாக்டரம்மாவா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க உள்ள போவீங்களா?"

"போவேன்."

"எம்பட பிள்ளையைப் பார்த்தீங்களா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் இதைத்தாங்க கேக்கறேன். அண்ணன் உள்ளயே போனதில்லையாம். துணியில சுத்திக் குடுத்தாங்க. வெலக்கிப் பார்க்க எனக்குத் தெம்பு வரலீங்க. பிள்ளை எப்படி இருந்துச்சுன்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கறா. எனக்குச் சொல்லத் தெரியலை."

டாக்டர் ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"பார்த்தேன். கடைசி வரைக்கும் என் கையிலதான் இருந்தா."

"எப்படீங்க இருந்தா?"

"தலை நிறைய முடி. இடது காது மடங்கி இருந்துச்சு."

"அழுதாளா?"

"அழலை. ஒரு தரம் கொட்டாவி விட்டா. இத்தனூண்டு வாயைப் பெருசாத் திறந்து."

"கொட்டாவியா," என்றார் செங்கோடன். மறுபடியும் ஒருமுறை அதையே சொன்னார்.

பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி, கையை உயர்த்திக் கூப்பிட்டார்.

"கோகிலா, எழுந்திரு. மெதுவா வா. பாப்பாவைப் பார்த்தவங்க இங்க இருக்காங்க."