ஒச்சப்பனைத் தொலைத்த புத்தகம்

ஒரு தத்துவப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "நான் இப்போ பழைய ஆளே இல்லை" என்று சொல்லித் திரிகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் விசாரித்தால் குறட்டைகூட மாறியிருக்காது. மேலப்புளியூர் ஆட்கள் அப்படிப்பட்ட ஏமாற்றுப் பேர்வழிகள் இல்லை. மாறினால் முழுசாக மாறுவார்கள்.

அந்த ஊர்ப் பேயாண்டி சந்தைக்குக் கத்தரிக்காய் விற்கப் போன இடத்தில், யாரோ விட்டுப்போன தத்துவப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்திலேயே, "இதைத் திறப்பவர் வேறு, படித்து மூடுபவர் வேறு" என்று போட்டிருந்தது. பேயாண்டியும் அவன் கூட்டாளிகள் ஒச்சப்பனும் சின்னமாயனும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மூன்று நாள் மாறி மாறிச் சத்தம்போட்டு வாசித்தார்கள். ஒரு வரியும் புரியவில்லை. ஆனாலும் விடாமல் படித்து மூடினார்கள்.

சின்னமாயனுக்கு உடனே பயம் வந்துவிட்டது. "ஏப்பா, மூடியாச்சே. இப்ப நாம யாரு?"

"வேற ஆளுக," என்றான் பேயாண்டி.

"அப்ப திறந்தவங்க எங்க?"

மரத்தைச் சுற்றித் தேடினார்கள். புதரை விலக்கிப் பார்த்தார்கள். திறந்தவர்களைக் காணவே காணோம்.

"போய்ச் சேந்துட்டாங்கப்பா," என்றான் பேயாண்டி.

ஒச்சப்பன் வாய்விட்டு அழுதான். "மூணு பேருமே நல்லவங்க. அதுலயும் அந்த ஒச்சப்பன் இருக்கானே, தங்கமான மனுசன்!"

செத்த மூவரில் பெண்டாட்டி உள்ளவன் ஒச்சப்பன் மட்டும்தான். அவளுக்குச் செய்தி சொல்லவேண்டாமா? மூவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். காமுத்தாய் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"தாயி, மனசைத் தேத்திக்க. உன் வீட்டுக்காரரு ஒச்சப்பன் தவறிட்டாரு," என்றான் ஒச்சப்பன்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்படிச் செத்தாரு?"

"படிச்சு."

"அப்ப நீ யாரு?"

"தெரியலை தாயி. இப்பத்தான் வந்தேன்."

"புருசன் செத்த வீட்டுல ஊரு பேரு தெரியாத ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டாள் காமுத்தாய். கெட்டிக்காரி.

இரண்டு நாள் கழிந்தது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று வாசித்தபோது தலையாட்டிய ஒச்சப்பனுக்கு, தெருவெல்லாம் மணத்த கத்தரிக்காய்க் குழம்பு பெரிய துன்பமாக இருந்தது.

"எனக்கு அந்தப் பழைய ஒச்சப்பன் வேணும்பா. அவன் வந்தாத்தான் எனக்குச் சோறு."

பேயாண்டி நெடுநேரம் யோசித்தான். "முன்னாலருந்து படிச்சதுலதானே அவன் போனான்? பின்னாலருந்து படி, திரும்பி வந்துருவான்."

ஒச்சப்பன் கடைசி வரியில் தொடங்கித் தலைகீழாக வாசித்துக்கொண்டே வந்தான். இந்தத் தடவை ஓரளவு புரிந்தது.

"முழங்கால் வந்துருச்சு," என்றான். கொஞ்ச நேரத்தில், "இடுப்பு வந்துருச்சு." பிறகு, "கழுத்து!" அந்தச் சந்தோஷத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அந்நேரம் பார்த்து எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து, மிச்சமிருந்த முன்பக்கங்களைக் கிழித்துத் தின்றுவிட்டது.

"ஐயோ, என் தலை?" என்று அலறினான் ஒச்சப்பன்.

"பதறாத. பத்திரமா ஆட்டுக்குள்ளதான் இருக்கு," என்றான் சின்னமாயன்.

ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மறுபடி வீட்டுக்குப் போனார்கள். கதவைத் தட்டி, "தாயி, உன் புருசனைக் கொண்டாந்துட்டோம். உடம்பு இவரு, தலை அது," என்றான் பேயாண்டி.

காமுத்தாய் கதவைத் திறந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"தலை உள்ள போயிருச்சு! வாய் அங்க சாப்பிட்டா வயித்துக்கு வந்துதானே ஆகணும்?" என்று ஒச்சப்பன் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

உள்ளே அவள் சோற்றைப் பிசைந்து வைக்கும் சத்தமும், ஆடு மெல்லும் சத்தமும் கேட்டன. ஒச்சப்பன் கண்ணை மூடி, வயிற்றைத் தடவி, நீளமாக ஓர் ஏப்பம் விட்டான்.

"எல்லாம் சரிதான்," என்று கதவைப் பார்த்துக் கத்தினான். "உப்புத்தான் கொஞ்சம் கம்மி!"