மஞ்சள் டேப்

தென்காசி ரோட்டில் கார்களுக்கு வயரிங் பார்க்கிற பட்டறை ஒன்று. மேஸ்திரி ஒரு பெண், பெயர் ஜெபக்கனி. அவளிடம் தொழில் கற்றவர் பொன்னுலிங்கம், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு வந்து சேர்ந்தார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மேஸ்திரி என்பார். அதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

கூச்சம் வேறு இடத்தில் இருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். வயரை யார் முடித்தாலும் மேலே அவரவர் நிற டேப்பைச் சுற்ற வேண்டும். மேஸ்திரிக்குப் பச்சை. பொன்னுலிங்கத்துக்கு மஞ்சள்.

வேலாயுதம் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர். அதில் முந்தின ஓனர் ஹெட்லைட்டின் கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டிருந்தார். அது விட்டு விட்டு மினுக்கியது.

"என்னவே, பல்பை மாத்துனீரு. அப்புறம் மினுக்காம இருக்கன்னு ஏதோ டப்பா மாட்டுனீரு. நேத்து விடியக்காலம் ஒத்தப் பாலத்துல இது தானா மினுக்குது. எதிர்ல வந்த லாரிக்காரன், நான் லைட்டடிச்சு வழி கேக்குறேன்னு நினைச்சிருக்கான். 'எனக்கே லைட்டடிக்கியா'ன்னு அவனும் நிக்காம வந்துட்டான். ஒரு முழம் இடைவெளியில ரெண்டு பேரும் பிரேக் போட்டோம். பின்னால ரெண்டு டீச்சருங்க உக்காந்திருக்காங்க."

பொன்னுலிங்கம் நிமிரவில்லை.

முதல் தடவை இந்தக் கார் வந்தபோது, "எந்த மடையன் மாட்டுனானோ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே குனிந்தார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் மஞ்சள் டேப். முந்தின ஓனருக்கு அவரே மாட்டிக் கொடுத்த வேலை. சொன்னது சொன்னதுதான், திரும்ப விழுங்க முடியவில்லை. அந்த ஓர் இடத்தைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, பல்பும் புதுசு, டப்பாவும் புதுசு. இனி தப்பை எங்கதான் தேடுறது?"

கேட்கும்போதே காது சுட்டது.

ஜெபக்கனி நீள வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் பிடித்தாள். மறு முனையை அவரிடம் நீட்டினாள்.

"பல்போட எர்த் வயர்ல வைங்க."

வைத்தார். வெளிச்சம் ஆடாமல் நின்றது. எடுத்தார். மினுக்கியது.

"எர்த்தை எங்க முறுக்கியிருக்கு, அண்ணாச்சி?"

"உள்ள."

"கழத்துங்க."

முதுகால் மறைத்துக்கொண்டு மஞ்சள் டேப்பை உரித்தார். சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். போல்ட்டைக் கழற்றினார். அடியில் பெயிண்ட் அப்படியே பளபளத்தது.

எர்த் வயர் வண்டியின் இரும்பைத் தொட வேண்டும், பெயிண்டைச் சுரண்டினால்தான் பிடிக்கும். முதல் வாரத்திலேயே மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. எல்.இ.டி. மாட்டிய அன்றைக்கு முந்தின ஓனர் பக்கத்திலேயே நின்றார். வண்டியில் கீறல் விழுந்தால் கத்துவாரே என்று பயந்து பொன்னுலிங்கம் சுரண்டாமல் விட்டிருந்தார்.

வேலாயுதம் எட்டிப் பார்த்தார். "பெயிண்டு மேலயே முறுக்கியிருக்கான் பாரும். யாருவே இவன்? அன்னைக்கே மடையன்னு சொன்னீரு. சரியாத்தான் சொல்லியிருக்கீரு."

பொன்னுலிங்கம் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். தேவைக்கு மேலேயே தேய்த்தார். போல்ட்டை முறுக்கியதும் விளக்கு அசையாமல் எரிந்தது. வேலாயுதம் திருப்தியாகத் தலையாட்டினார்.

மேஜை மேல் கறுப்பு டேப் ஒன்று கிடந்தது. பொன்னுலிங்கத்தின் கை அதற்குப் போனது. அதற்குள் ஜெபக்கனி மஞ்சள் டேப்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கறுப்பு போதாதா, மேஸ்திரி?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"'யாருவே இவன்'னு அவர் உங்ககிட்ட கேட்டாரே, அண்ணாச்சி. அதுக்குப் பதில் சொல்லிட்டு எதை வேணா சுத்துங்க."