பம்மாப்பட்டிக்குப் போர்டு எழுதிய கதை

பம்மாப்பட்டியில் பஸ் நிற்காது. டிரைவரைக் குறை சொல்லக் கூடாது. ஊர்ப்பெயரை ஒரு சிலேட்டில் எழுதி வேப்பமரத்தில் மாட்டியிருந்தார்கள். இறங்கி வந்து பார்த்தால்தான் படிக்க முடியும்.

வெள்ளிக்கிழமை வெயிலுமுத்துவின் மகளுக்குச் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. மனைவி முன்னாடியே போய்விட்டாள். வளையல் பெட்டியோடு இவர் போய்ச் சேர வேண்டும். தான் ஒரு நல்ல அப்பன்தானா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, பஸ் நிற்க ஒரு போர்டு வேண்டும் என்று கூட்டாளிகள் சொரிமுத்துவையும் ஆண்டியப்பனையும் கூட்டிக்கொண்டு போர்டு எழுதும் தாசையாவைப் பார்க்க டவுனுக்கு நடந்தார். டவுன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போனார்கள்.

தாசையா புதுமாதிரி எழுத்து ஒன்றை வரைந்து காட்டினார். நெட்டுக்கோடு உலக்கைக் கனம். குறுக்குக்கோடும் வளைவும் மெல்லிசு. கோடு முடிகிற இடத்தில் சின்னப் பாதம்.

"மெல்லிசுக் கோடு மயிரிழைதான் இருக்கணும் அண்ணாச்சி, அதுதான் இதுக்கு அழகு. கடுதாசி எழுத இது ஆகாது. ஊர்ப்பேரை மட்டும் பெரிசாப் போடுங்க. டிரைவர் கண்ணுக்கு நேரா இருக்கணும்."

ஆண்டியப்பன் தன் வீட்டுக் கதவு இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். வெள்ளை அடித்து, உலக்கையை வைத்து அளந்து, நெட்டுக்கோடுகளைச் சிவப்பில் இழுத்தார்கள். அடுத்தது மயிரிழை. யாருடையது என்பதில் பேச்சு நீண்டது. கடைசியில் எல்லாரும் சொரிமுத்துவின் மீசையைப் பார்த்தார்கள்.

"இதைக் குடுத்துட்டு நான் எப்படி வெளியே தலைகாட்டுறது?"

"இப்ப உம்ம மூஞ்சியில இருக்கு மச்சான். நாளைக்கு ஊர்ப்பேருல இருக்கும். எது கௌரவம்?" என்றார் ஆண்டியப்பன்.

வெயிலுமுத்து வளையல் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். சொரிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. மீசை வளைவுகளுக்கே சரியாய்ப் போயிற்று. மிச்சத்துக்கு ஆட்டுவால் உதவியது. பாதம் உள்ள எழுத்து நடந்துவிடக் கூடாதே என்று பலகையைக் கயிறு போட்டு இறுக்கினார்கள். டிரைவர் கண்ணுக்கு நேராக என்றால் சாலைக்குக் குறுக்கேதான். இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் வந்தது. டிரைவருக்குத் தூரத்திலிருந்து மயிரிழை எதுவும் தெரியவில்லை. வெள்ளையில் சிவப்புக் கட்டைகள் மட்டும் தெரிந்தன. ரயில்வே கேட் என்று நினைத்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்தார். கால்மணி நேரமாகியும் பஸ் கிளம்பவில்லை. ஏன் என்று விசாரித்தார்.

"ரயில் வரணும் பெரியவரே. அது போனாத்தான் கேட்டைத் திறப்பாங்க."

"ரயிலா? எங்க ஊருக்கா?"

"பின்னே கேட்டு எதுக்குப் போட்டிருக்கு?"

வெயிலுமுத்து பெட்டியோடு கீழே இறங்கினார். ரயில் இருக்கும்போது பஸ்ஸில் போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?

ஒருமணி நேரம் பார்த்துவிட்டு, பஸ் வந்த வழியே திரும்பிப் போயிற்று. மூவரும் சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பினார்கள். தண்டவாளத்தைக் காணோமே என்று சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அதை ரயிலே கொண்டாரும்," என்றார் ஆண்டியப்பன்.

அது நியாயமாகத்தான் பட்டது. ரயிலில் கூட்டம் எப்படி இருக்குமோ என்று, வெயிலுமுத்து ஜன்னலோரச் சீட்டில் போடுவதற்காகத் தோள்துண்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.