தூறலில் ஓடிய மோட்டார்

உலகம்மாளுக்கும் ஐயம்பெருமாளுக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மோட்டார். மற்றபடி இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிற புருஷன் பெண்டாட்டியை விளாத்திகுளம் பக்கத்தில் நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு அவன் ஊருக்கு வந்ததே அவளோடு இருக்கத்தான். அந்த ஆசையில்தான் மானாவாரிக் காட்டில் போர் போட்டு மாதுளை வைத்தார்கள். இந்த வருஷம் காய்த்தால் இங்கே குடித்தனம். இல்லையென்றால் அவன் மறுபடி திருப்பூர், அவள் தனியாக இங்கே.

போர்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. சொட்டுநீர்க் குழாய் ஒவ்வொரு செடியின் தூரையும் வட்டமாக நனைக்கும். அந்த ஈரத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்; வட்டத்துக்குள் செடி பச்சைப்பசேலென்று நிற்கும். போன வருஷம் ஒரு தூறலுக்கு மோட்டாரை அணைத்தார்கள். அந்த வாரமே இலையெல்லாம் நுனி கருகிப் பிஞ்சுகள் உதிர்ந்தன. கடைசி வரிசை மட்டும் தப்பியது. அது வரப்பை ஒட்டி இருப்பதால் பக்கத்துத் தோட்டத்து அக்கா பேச்சித்தாயின் மோட்டாரில் பாய்வது. அவள் அன்று அணைக்க மறந்து சந்தைக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷமும் பிஞ்சு பிடித்த நேரத்தில் தூறல் விழுந்தது. ஐயம்பெருமாள் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான். பின்னாலேயே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த உலகம்மாள் திரும்பப் போட்டாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? வானமே நல்ல தண்ணி ஊத்துது, நீ உப்புத் தண்ணிய விடுதே!"

"தூத்தல் நிக்கிற வரைக்கும் ஓடட்டும்ங்க."

வரப்பில் நின்ற பேச்சித்தாய் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "சண்ட போடாதீய. இப்ப அணைங்க, மழ விட்டதும் போட்டுக்கிடலாம்."

ஐயம்பெருமாளின் கை சுவிட்சுக்குப் போனது. மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதில் பிடிவாதத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, அவனை மறுபடி பஸ் ஏற்றிவிட வேண்டியிருக்குமோ என்கிற பயம். அவனுக்கு மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் செடி பிழைத்துவிடுமா, அதுதான் கேள்வி. தூறலோ மண்ணின் மேல்தோலைத்தான் நனைத்திருந்தது.

கேட்டவர்களே, நீங்களே சொல்லுங்கள்: மூவரில் யார் பேச்சு சரி? அவன் கை என்ன செய்ய வேண்டும்?

விடை: உலகம்மாள் பேச்சுதான் சரி. கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தால் உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும், அப்போது அணைக்கலாம். தூறலுக்கு அந்த வலு கிடையாது. விளிம்பில் பூத்த உப்பைக் கரைத்து வேரடியில் இறக்கிவிட்டு நின்றுவிடும். உள்ளிருந்து சொட்டுநீர் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் உப்பு உள்ளே வராது; போன வருஷம் கடைசி வரிசை தப்பியதும் அதனால்தான். மழை விட்டபின் போட்டால், புகுந்துவிட்ட உப்பைத் துரத்தத்தான் அலைய வேண்டும். இதெல்லாம் அன்று ஐயம்பெருமாளுக்குத் தெரியாது. அவள் முகத்துக்காகத்தான் கையை எடுத்தான். மாதுளை காய்த்துத் தள்ளியது. இப்போது தூறல் விழுந்தால் மோட்டார் போட முதல் ஆளாக ஓடுவது அவன்தான். யாராவது கேலி செய்தால், "சிரிங்கடே! நான் எம் பொண்டாட்டியோட ஊர்ல இருக்கேம்லா" என்பான்.