சண்டைக்கார எண்

முன்னொரு காலத்தில், பசி வந்துவிட்டால் எதற்கும் தலையாட்டிவிடுகிற ராஜா ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அந்த வம்சத்துக்காரர்கள் யாராவது இன்னும் இருந்தால் வருத்தப்படுவார்கள். நல்ல மனுஷர்தான். வயிறு நிறைந்திருக்கும்போது நாலு பேரைக் கலந்து, யோசித்து, நியாயமாகத் தீர்ப்புச் சொல்வார். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டால் மட்டும், யார் எந்த ஓலையை நீட்டினாலும் முத்திரையைக் குத்திவிட்டு இலைக்கு ஓடுவார். இது அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே காரியம் ஆகவேண்டியவர்கள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால்தான் சபைக்கு வருவார்கள்.

அந்தச் சபையில் நாகலிங்கம் என்று ஒரு விகடர் இருந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். அவர் சொன்னால் ராஜா கேட்பார் என்பதால் சபையில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. அதிலும் அரண்மனைப் பாடசாலையின் தலைமை ஆசான் சதாசிவ பண்டிதருக்கு அறவே ஆகாது. 'கணித சிகாமணி' என்ற பட்டம் பெற்ற தனக்குக் கிடைக்காத மரியாதை, விரல் விட்டு எண்ணினாலும் தப்பாக எண்ணுகிற ஒரு கோமாளிக்குக் கிடைக்கிறதே என்ற எரிச்சல் அவருக்கு.

போதாததற்கு, அந்த வருஷம் அவருக்கு இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. அதன் பெயர் உமையாள். ராஜாவின் கட்டளைகளை ஊருக்கு முரசறைந்து சொல்லும் முனியப்பனின் மகள். ஒன்பது பத்து வயது இருக்கும். மற்ற பிள்ளைகள் மூன்றாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது, இவள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி ஏதாவது செய்துகொண்டிருப்பாள். ஒருநாள் ஒரு கொட்டையை வைத்தாள். அதைச் சுற்றி மூன்று வைத்தாள், சதுரமாயிற்று. அதைச் சுற்றி ஐந்து வைத்தாள், பெரிய சதுரமாயிற்று. ஏழு வைத்தாள், இன்னும் பெரிய சதுரம். ஒற்றைப்படை எண்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஏன் சதுரமாகவே வருகிறது என்று பண்டிதரிடம் போய்க் கேட்டாள்.

பண்டிதர் அதை அதுவரை யோசித்ததே இல்லை. அது அடுத்த வருஷப் பாடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் நேரே அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் போய் விசாரித்தாள். அவர்களுக்கும் அது அடுத்த வருஷப் பாடம்தான் என்று சொல்லப்பட்டிருந்தது. திரும்பி வந்து அதைப் பண்டிதரிடமே சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

மறுநாள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் பண்டிதர் ஓலையோடு சபைக்கு வந்தார். ஒரு பெண் பாடத்துக்கு முன்னால் ஓடுவதால் வகுப்பின் ஒழுங்கே கெடுகிறது என்று முறையிட்டார். சமையற்கட்டிலிருந்து நெய் மணம் வந்துகொண்டிருந்தது. ராஜா ஓலையைப் படிக்காமலே முத்திரை குத்தினார்.

பண்டிதருக்குப் பெரிய பெரிய வாக்கியமாக எழுதப் பிடிக்கும். ஒரு சின்னப் பெண்ணுக்காக எழுதிய கட்டளையை நாட்டுக்கே பொருந்துகிற மாதிரி எழுதியிருந்தார். பலர் கூடி ஒரு காரியத்தைச் செய்யும் இடத்தில் எவரும் எவரையும் முந்தக்கூடாது. கடைசி ஆள் வந்து சேரும்வரை முன்னே இருப்பவர் காத்து நிற்க வேண்டும். மீறுபவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இதுதான் கட்டளை.

அதை ஊருக்கெல்லாம் முரசறைந்து சொல்ல வேண்டியவன் முனியப்பன். தெருத் தெருவாகச் சொல்லி முடித்தவன், இரண்டு மூன்று நாள் கழித்து நாகலிங்கத்தின் வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, என் பிள்ளைக்கு விலங்கு போடும் கட்டளையை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இப்போது வகுப்பில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏனடா கண்ணு என்று கேட்டால், வெளியே இருந்தால் விரல் தானாக எண்ணிவிடுகிறது அப்பா, நம்மை ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்களே என்கிறாள். வீட்டில் பேச்சே நின்றுபோய்விட்டது."

நாகலிங்கம் கட்டளையை ஒரு எழுத்து விடாமல் இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் அவரும் உச்சிவேளைக்குச் சற்று முன்னால்தான் சபைக்குப் போனார். இத்தனை அருமையான கட்டளையை யாரும் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்றும், அதை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைத் தமக்குத் தர வேண்டும் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ராஜா தலையாட்டிவிட்டு எழுந்தார்.

பந்தியில் ராஜா சோற்றை முடித்து, பாயசத்துக்காக நிமிர்ந்து பார்த்தார். பாயசம் வரவில்லை. பரிமாறுகிறவனின் கரண்டியை நாகலிங்கம் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தியின் கோடியில் கிழட்டுச் சேனாதிபதி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாயில் மிஞ்சியிருந்த பற்கள் கொஞ்சம். ஒவ்வொரு கவளத்தையும் பக்தியோடு மெல்லுவார். அவர் இன்னும் சாம்பாரைத் தாண்டவில்லை. கூடி உண்பதும் பலர் கூடிச் செய்யும் காரியம்தானே என்று நாகலிங்கம் விளக்கினார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட சேனாதிபதி, மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார். பாயசம் வந்தபோது அதில் ஆடை படிந்திருந்தது.

அடுத்த நாள் வேட்டை. ராஜாவின் குதிரை காற்றாய்ப் பறக்கும். அன்றைக்கு அது, அண்டா குண்டாக்களை ஏற்றிய மாட்டுவண்டியின் பக்கத்தில் நடந்தது. வண்டிமாடுகளில் ஒன்றுக்கு வழியில் நல்ல புல்லைப் பார்த்தால் நிற்கிற பழக்கம். காட்டோரத்தில் மான்கூட்டம் ஒன்று இந்த ஊர்வலத்தை நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று.

பண்டிதரும் தப்பவில்லை. மறுநாள் விடிகாலையில் குளத்தில் நீராட இறங்கியவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது, முழுகக்கூடாது என்று கரையிலிருந்து உத்தரவு வந்தது. குளிருக்குப் பயந்த ஒருவர் முதல் படியில் உட்கார்ந்து ஒரு கால் விரலைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். சூரியன் மேலே வருகிறவரையில் பண்டிதர் நடுங்கிக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு ராஜா சாப்பிட்ட கையோடு நாகலிங்கத்தைக் கூப்பிட்டார். இதெல்லாம் என்ன கூத்து, உம்மை நாடு கடத்தட்டுமா என்று கோபத்தோடு கேட்டார். தாம் கட்டளையைத்தான் நிறைவேற்றியதாகச் சொல்லி நாகலிங்கம் ஓலையை விரித்துக் காட்டினார். ராஜா அப்போதுதான் அதை முதன்முறையாகப் படித்தார்.

"அரசே, பாயசத்துக்காக நேற்று முன்தினம் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?"

"ஒரு நாழிகை இருக்கும். அது ஒரு யுகமாக இருந்தது எனக்கு."

"முரசறையும் முனியப்பனின் மகள் ஒரு வருஷமாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அரசே. அவளும் பசியோடுதான் இருக்கிறாள்."

ராஜாவுக்கு எந்தப் பசியும் சட்டென்று புரியும். கட்டளையை அங்கேயே கிழித்தார். மறுநாள் பண்டிதரையும் அந்தப் பெண்ணையும் சபைக்கு அழைத்து, அவளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

பண்டிதர் இந்த முறை வேறு வழியில் வந்தார். கோபத்தைக் காட்டாமல், சிரித்த முகத்தோடு அவளைப் புகழ்ந்தார்.

"மகாராஜா, இவள் மகா மேதாவி. பாடசாலையில் உள்ள அத்தனை வருஷப் பாடங்களையும் இவளிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கணிதத்தில் இவளுக்குத் தெரியாதது என்று இனி ஒன்றுமில்லை. படிப்பு முடிந்தது. மாலை போட்டு, மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவைப்போம்."

உமையாளின் முகம் சுருங்கிப்போயிற்று. அப்படி எங்காவது படிப்பு முடியுமா என்று நாகலிங்கம் கேட்டார். பண்டிதர் காத்திருந்தது இதற்குத்தான். முடியாது என்றால் விகடர் அதை நிரூபிக்கட்டும் என்றார். கணக்கில் அவளுக்குத் தெரியாத ஒன்றை நாளை இந்தச் சபையில் அவர் அவளுக்குக் காட்ட வேண்டும். அது தனக்குத் தெரியாது என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் பாடசாலையை விட்டும், அவர் சபையை விட்டும் போக வேண்டும். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட ராஜாவும் சம்மதித்துவிட்டார்.

விரல் விட்டு எண்ணத் தெரியாத மனிதர், கணக்குப் புலியான பெண்ணுக்குத் தெரியாத கணக்கை எங்கே போய்த் தேடுவார்? நாகலிங்கம் கவலையோடு வீட்டுக்குப் போனார். அங்கே ஒரே ரகளை. அவருக்குப் பிள்ளைகள் அதிகம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் எந்நேரமும் அங்கேதான். அவர் மனைவி அதிரசம் சுட்டு எண்ணி வைத்திருந்தாள். எந்தப் பங்கு போட்டாலும் இடித்தது, பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

"சில எண்ணே இப்படித்தான். பன்னிரண்டு சுட்டால் பேசாமல் பிரித்துக்கொள்கிறார்கள். பதின்மூன்று சுட்டால் வீடு இரண்டாகிறது" என்றாள் அவள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே.

நாகலிங்கம் ஒரு அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டு, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. முனியப்பன் ஒரு தூணோரமாகக் கைகட்டி நின்றான். நாகலிங்கம் உமையாளைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டால் சில எண்ணிக்கையைச் சமாதானமாகப் பங்கிட்டுவிடலாம். சில எண்ணிக்கை, ஒருவரே எல்லாவற்றையும் தின்றாலொழிய, அல்லது தலைக்கு ஒன்றே ஒன்று கொடுத்தாலொழிய, எந்தப் பங்கிலும் அடங்காது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று. இவற்றுக்கு நான் சண்டைக்கார எண் என்று பேர் வைத்திருக்கிறேன். உனக்கு இவற்றைத் தெரியுமா?"

தெரியும் மாமா என்று அவள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தொன்பது. பண்டிதர் மீசைக்குள் சிரித்தார்.

"நல்லது. எண் பெரிதாகப் பெரிதாக, பங்கு போட வழிகளும் கூடுகின்றன. அப்படியானால் சண்டைக்கார எண்கள் குறைந்துகொண்டே போய், ஒரு இடத்தில் அடியோடு ஒழிந்துபோகுமா? அதற்கு மேல் எவ்வளவு சுட்டாலும் என் வீட்டில் அமைதியாக இருக்குமா? அல்லது எவ்வளவு தூரம் போனாலும் எங்கேயாவது ஒன்று உட்கார்ந்துகொண்டிருக்குமா?"

உமையாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். விரல்கள் அசைந்தன. கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். சபை காத்திருந்தது. பல நாளாகப் பேச்சற்றிருந்த அந்த முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறுவதைத் தூணோரம் நின்ற அவள் தகப்பன் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றாள் அவள், அவ்வளவு சந்தோஷமாக.

பண்டிதர் துள்ளி எழுந்தார். இது செல்லாது, விகடர் விடையைச் சொல்லித்தரவில்லையே, விடை அவருக்கே தெரியாதே என்று ஆட்சேபித்தார்.

நாகலிங்கம் ராஜாவைக் கும்பிட்டார். "அரசே, அவளுக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதுதான் உத்தரவு. விடையைச் சொல்லிக்கொடுத்தால் அது அவளுக்குத் தெரிந்ததாகிவிடும். நான் உத்தரவை மீறியவனாகிவிடுவேன். பண்டிதருக்கு விடை தெரிந்தால் அவரே சொல்லட்டும்."

ராஜா பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார். ராஜா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தப் பெண்ணுக்கென்று தனியாக ஒரு மண்டபம் கட்டித் தருவதாக அப்போதே அறிவித்தார். அங்கே வேறு யார் இருப்பார்கள் என்று உமையாள் கேட்டாள். வேறு யாரும் இல்லை, உனக்கு மட்டும்தான் என்றார் ராஜா பெருமையாக. அப்படியானால் வேண்டாம் என்றாள். அவள் தோழிகள் எல்லோரும் பழைய வகுப்பில்தான் இருந்தார்கள். ஆகவே காலையில் பாட்டும் எழுத்தும் விளையாட்டும் மற்ற பிள்ளைகளோடு, பிற்பகலில் கணக்கு அவள் இஷ்டம்போல என்று முடிவாயிற்று.

இதன் விளைவை அனுபவித்தவர் நாகலிங்கம்தான். கேள்வி கேட்டவர் அவர் என்பதால், பிற்பகல் தவறாமல் உமையாள் அவர் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு எவ்வளவு தூரம் யோசித்தாள் என்று விளக்கினாள். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. கட்டிலுக்கு அடியில்கூட ஒளிந்து பார்த்தார். குனிந்து பார்த்துக்கொண்டே விளக்கினாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் அவள் சபைக்கு ஓடிவந்தாள். ராஜா சாப்பிட்டு முடித்திருந்தார்.

"சண்டைக்கார எண்கள் முடியவே முடியாது" என்றாள் மூச்சிரைக்க. "எல்லாவற்றையும் வரிசையாக எழுதி முடித்துவிட்டேன் என்று யாராவது சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, அத்தனை அதிரசம் சுடுவோம். வரிசையில் உள்ள எந்த எண்ணாலும் அதைச் சரியாகப் பங்கு வைக்கலாம். இப்போது கூடவே ஒரே ஒரு அதிரசம் சுடுவோம். இனி அந்த வரிசையில் உள்ள எந்த எண்ணால் பங்கு வைத்தாலும் ஒன்று மிஞ்சும். அப்படியானால் அந்த மொத்தமே ஒரு புதுச் சண்டைக்கார எண். இல்லாவிட்டால், அதைப் பங்குவைக்க வரிசையில் இல்லாத ஒரு சண்டைக்கார எண் வேண்டும். எப்படியானாலும் அவர் ஒன்றை விட்டுவிட்டார்."

ராஜாவுக்குப் பாதிதான் புரிந்தது. பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் ஆசனத்தை விட்டு எழுந்து, அவள் அருகில் வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லம்மா" என்றார். "மூன்று மாதமாக நானும் இதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுச் சுவரெல்லாம் எண்ணாக எழுதிவைத்து என் மனைவியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்."

அவள் மறுபடி சொன்னாள். பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் 'ஆமாம், ஆமாம்' என்று அவர் தொடையில் தட்டியது சபைக்கே கேட்டது.

ராஜா மனம் குளிர்ந்து, என்ன பரிசு வேண்டும் என்று நாகலிங்கத்தைக் கேட்டார்.

"அரசே, தினமும் பிற்பகலில் இந்தப் பெண் சொல்வதைக் கேட்க வேறு ஒரு ஆளை நியமியுங்கள். தலை என்னுடையது ஒன்றுதான், அதைப் பங்கிட முடியாது."

தாமே வருவதாகப் பண்டிதர் தரையில் உட்கார்ந்தபடியே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், கையை உயர்த்தினார். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாகலிங்கத்துக்குப் பட்டுச் சால்வையும் முத்துமாலையும் அணிவித்தார். பண்டிதரின் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்கும்படியும் உத்தரவிட்டார்.