மூன்று முதலாளிகளுக்கு ஒரு கன்னி மூலை

கரூர்ப் பக்கம் போர்வை ஏற்றுமதி செய்யும் குடும்பக் கம்பெனி ஒன்று. முதலாளிகள் அண்ணன் தம்பி மூன்று பேர். அவர்களுடைய புது அலுவலகத்துக்குப் பிளான் போட வந்த பூங்கோதை, படிப்பு முடித்த சூடு ஆறாதவள்.

மூத்தவர் நல்லசிவம் உத்தரவு போட்டார்: "வாஸ்துப்படி தென்மேற்குக் கன்னி மூலைதான் முதலாளிக்கு. அது எங்க மூணு பேருக்குமே வேணும். ஸ்டாஃபுக்கு ஜன்னல் இல்லாம ஒரே ஹால் போதும். ஜன்னல் வெச்சா வெளிய வேடிக்கை பார்த்துட்டு இருப்பாங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்தானுங்க அம்மிணி!"

"சரிங்க சார்."

மறுவாரம் பிளானை விரித்தாள். கன்னி மூலையில் ஒரே அறை. ஒட்டி ஒட்டி மூன்று நாற்காலி. ஜன்னலே இல்லை.

"இதென்ன கோழிக்கூண்டா? மனுசன் மூச்சு விட வேண்டாமா?" மூவரும் எகிறினார்கள்.

"ஸ்டாஃப் ஹால்ல ஒரு ஆளுக்கு என்ன இடமோ, அதையேதான் சார் உங்களுக்கும் போட்டேன். ஒரே குடும்பம்னு சொன்னீங்களே?"

கடைசித் தம்பி சிரித்தேவிட்டார்.

"அவங்களுக்கும் ஜன்னல் வைம்மா," என்றார் மூத்தவர், இறங்கிய குரலில்.

"வெச்சா பகல்ல லைட்டுச் செலவும் மிச்சம் சார்."

"அப்போ கன்னி மூலை யாருக்கு?"

"அங்கே சாப்பாட்டு ஹால் போட்டுடலாம் சார். எல்லாருக்கும்."

இப்போது மதியம் மூன்று முதலாளிகளும் கன்னி மூலையில்தான் சாப்பிடுகிறார்கள். ஜன்னலோரம் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைப்பதே இல்லை.